மேட்ச் முடியட்டும்

அவனை அழைத்துவர நான் விமான நிலையத்துக்குப் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் அந்த மாதத்துப் புழுக்கம் முகத்தில் ஈரத்துணியைப் போட்டது மாதிரி விழும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிடுவார்கள். அவனும் நின்றான். இருபது வயது. ஒல்லி, காதை மூடிய முடி, இரண்டு பெரிய பைகள். அர்ஜென்டினாக்காரன், பந்து ஆடுகிறவன் என்று சொல்லியிருந்ததால் டிவியில் பார்த்த தடித்த கால்களை எதிர்பார்த்திருந்தேன். இவன் கல்லூரியில் அரியர் வைத்த பையன் மாதிரி இருந்தான்.

நான் அப்போது வடக்கு எமிரேட்டுகளில் ஒன்றில், ஒரு கால்பந்து கிளப்பில் டிரைவர். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில். கிளப்பின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வண்டியில் அவன் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான். கிளப்புக்கு வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் யாரும் அதற்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பெரிய கட்டடங்கள் வந்தபோது கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அவை பின்னால் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"துபாய்?"

"நோ துபாய். ஆஃப்டர் துபாய்."

அரை மணி கழித்து இரண்டு பக்கமும் வெறும் மணலும் மின்கம்பங்களுமாக ஆனபோது மறுபடியும் கேட்டான். நான் மறுபடியும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சூப்பர் மார்க்கெட் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி வந்து சைட்டில் கம்பி கட்டப் போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் முதல் நாள் வரும் அமைதி இவன் முகத்திலும் வந்தது. அவனுக்கும் ஒரு ஏஜென்ட் இருந்தான் என்பதும், ஸ்பெயினுக்குப் போகலாம், அதற்கு முன்னால் ஒரு வருஷம் மட்டும் இங்கே என்று சொல்லி அனுப்பியிருந்தான் என்பதும் பிறகு தெரிந்தது.

அவனுக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. கிளப்பில் மொழிபெயர்க்க ஒரு சிரியாக்காரர் இருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் குடும்பமே அர்ஜென்டினாவுக்குப் போய்த் திரும்பியதாம், அதனால் அந்த பாஷை அவருக்கு வீட்டிலேயே வந்திருந்தது. அவன் குடிக்கிற கசப்பான பச்சை இலைத் தூள் தீர்ந்துபோய் அவன் தவித்தபோது, சிரியாவிலும் அதைக் குடிப்பார்கள், பக்கத்துச் சிரியா மளிகைக் கடையிலேயே கிடைக்கும் என்று வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். அந்தப் பாக்கெட்டைப் பார்த்து அவன் அழுதேவிட்டான்.

சிரியாக்காரர் எல்லா நேரமும் கூட இருக்க மாட்டார். வண்டியில் நாங்கள் இருவர் மட்டும்தான். நான் "தம்பி" என்று கூப்பிட்டேன். அது டிரைவரும் ஆட்டக்காரனும் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல் என்று நினைத்து அவனும் என்னைத் "தம்பி" என்றான். எனக்கு முப்பத்தெட்டு வயது. திருத்தவில்லை. அவன் அடிக்கடி "பாப்பா, பாப்பா" என்று சொல்லிக் கையால் ஸ்டியரிங் சுற்றிக் காட்டுவான். இந்த வயதிலேயே பெண் குழந்தை இருக்கிறது போலிருக்கிறது, அது பொம்மைக் கார் கேட்கிறது போலிருக்கிறது என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரியாக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். பாப்பா என்றால் அப்பா. அவன் அப்பா தானிய லாரி ஓட்டுகிறவர். மகனை அணித் தேர்வுகளுக்கெல்லாம் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனவர்.

முதல் ஆட்டத்தன்று மைதானத்துக்குள் நுழைந்ததும் அவன் காலி இருக்கைகளைப் பார்த்து, "பீப்பிள்?" என்றான். "திஸ் பீப்பிள்" என்றேன். மேற்குப் பக்கம் கந்தூரா என்ற நீள வெள்ளை அங்கி போட்ட உள்ளூர்க்காரர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். எதிர்ப்பக்கம் லேபர் கேம்பிலிருந்து பஸ்ஸில் வந்த பட்டான்களும் மலையாளிகளும் எங்கள் ஆட்களும். டிக்கெட் இலவசம், தண்ணீர் பாட்டிலும் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அவன் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று கோல் போட்டான். எங்கள் ஆட்கள் அவனை "நம்ம ஒல்லியன்" என்றார்கள். கேம்பிலிருந்து இரண்டாவது பஸ்ஸும் வர ஆரம்பித்தது.

பிறகு எல்லாம் வறண்டது. கோச்சை மாற்றினார்கள். புது கோச் அவனை ஓரத்துக்குத் தள்ளினார், அப்புறம் பெஞ்சில் உட்கார வைத்தார். அணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசியாக வந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். வண்டியில் அவன் பேச்சு குறைந்தது. பயிற்சி முடிந்து வந்தால் காலணியைக் கழற்றி டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வருவான்.

வியாழக்கிழமை மட்டும் உற்சாகமாக இருப்பான். அன்றைக்குத்தான் அப்பாவோடு பேசுவது. நான் போன் கார்டு வாங்கிச் சுரண்டி நம்பர் போட்டுக் கொடுப்பேன், என் போனிலேயே பேசுவான். வண்டி ஓட்டும் எனக்கே கேட்கும் அளவுக்கு அவர் குரல் பெரிது. லாரி டிரைவர்களுக்கு எல்லா நாட்டிலும் அதே குரல்தான் போல. ஒருநாள் அவன் போனை என் காதில் வைத்து, "சோஃபேர், சோஃபேர்" என்றான். இவரும் டிரைவர், அவரும் டிரைவர், பேசுங்கள் என்று அர்த்தம். அந்த மனுஷர் மூச்சுவிடாமல் இரண்டு நிமிஷம் என்னோடு பேசினார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷில் பதில் சொன்னாலும் அவருக்குப் புரியப்போவதில்லை என்பதால் தமிழிலேயே, "சரிங்க. ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் சந்தோஷமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு வாராவாரம் எனக்கும் ஒரு நிமிஷம் உண்டு. அவர் அவர் பாஷையில், நான் என் பாஷையில்.

சீசனின் கடைசிக்கு முந்திய ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஜெயித்தால் தப்பிக்கலாம், தோற்றால் இறங்க வேண்டியதுதான். முந்திய நாளே எல்லா ஆட்டக்காரர்களையும் ஹோட்டலில் அடைத்துவிட்டு, கவனம் சிதறக்கூடாதென்று செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வாரம் அவன் அப்பாவோடு பேசவில்லை. கீழே வண்டியில் நான் காத்திருந்தேன்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் என்னை லாபிக்குக் கூப்பிட்டார். முதீர் என்போம் அவரை. அந்த ஊர்க்காரர்தான். எங்களிடம் இந்தியும் அரபியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். பக்கத்தில் சிரியாக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அவன் அப்பா மௌத்" என்றார் முதீர். "லாரி கவிழ்ந்துவிட்டது. மழையாம். ஏஜென்ட் போன் பண்ணினான்."

 அந்தக் குரல்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"இப்போது அவனுக்குச் சொல்ல வேண்டாம். மேட்ச் முடியட்டும். ராத்திரி பத்தரை பிளைட்டில் டிக்கெட் போட்டுவிட்டேன், என் சொந்தப் பொறுப்பில். நாளைச் சாயங்காலம் வரைக்கும் உடலை வைத்திருப்பார்கள். போய்ச் சேர்ந்துவிடுவான். இப்போது சொல்லி என்ன? பத்தரை வரைக்கும் அறையில் உட்கார்ந்து அழுவான். அதற்கு விளையாடலாம்." என்னை நேராகப் பார்த்தார். "உன்னிடம் அவன் ரொம்பப் பேசுவான். அதனால்தான் சொல்கிறேன். அபி மாஃபி கலாம். மூச்சுவிடாதே."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதில் நியாயம்கூட இருந்தது மாதிரி இருந்தது. "ஓகே முதீர்" என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றை எழுதியாக வேண்டும். இங்கே வருவதற்கு முன்னால் நான் குவைத்தில், ஃபர்வானியாவில் இருந்தேன். தண்ணீர் டேங்கர் ஓட்டினேன். என் அப்பா செத்தது எனக்குப் பதினேழாம் நாள்தான் தெரியும். அண்ணன் ரூம்காரர்களுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லி, என்னிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறான். அந்த இரண்டு வாரமும் ரூமில் என் சமையல் முறை எனக்கு வரவே இல்லை. யாராவது ஒருவர் முந்திக்கொண்டு சமைத்துவிடுவார். டிவி சத்தம் குறைந்திருந்தது. நான் ஜோக் சொன்னால் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள். கருமாதி முடிந்த மறுநாள் சொன்னார்கள். நான் கத்தியபோது ஒருவர் சொன்னார்: "சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்ப? லீவும் தரமாட்டான். அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுவியா?" அந்தப் பதினாறு நாளும் நான் சிரித்தது, பிரியாணி தின்றது, சினிமா பார்த்தது எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து என்னைக் குத்தியது. அவர்களை நான் மன்னிக்கவே இல்லை. அதையெல்லாம் தெரிந்துதான் ஓகே முதீர் என்றேன். என் விசாவும் அவர் கையில் இருந்தது என்று காரணம் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் விசாவைப் பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை. பழக்கம். சொன்னால் தலையாட்டுவது பழகிவிட்டது.

பன்னிரண்டரை மணிக்கு முதீர் மறுபடியும் கூப்பிட்டார். அவன் தன் காலணிக்குள் வைக்கும் மெத்தையை பிளாட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான், அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும், கூட்டிக்கொண்டு போய்வா என்றார். சிரியாக்காரரையும் வரச்சொன்னேன். தலைவலி என்று சொல்லிவிட்டு அவர் லிப்டுக்குள் போய்விட்டார்.

அவன் ஓடிவந்து முன் இருக்கையில் ஏறினான். அவ்வளவு உற்சாகமாக அவனைப் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. ஆடப்போகிற பதினொரு பேரில் கோச் அவன் பெயரைச் சொல்லியிருந்தார்.

"டுடே ஐ பிளே, தம்பி! ஃபர்ஸ்ட் மினிட்!"

"குட், குட்" என்றேன். ரோட்டையே பார்த்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் என் சட்டைப் பையைத் தட்டினான். "டெலிஃபோன். பாப்பா." கைக்கடிகாரத்தைக் காட்டினான். அங்கே காலை ஆறு மணி ஆகப்போகிறது, அவர் எழுந்திருப்பார், ஐந்தே நிமிஷம் என்று விரல்களால் சொன்னான். இன்றைக்கு ஆடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"கார்டு ஃபினிஷ்" என்றேன்.

"ஷாப். பை கார்டு."

"ஃப்ரைடே. ஷாப் க்ளோஸ்." ஜும்மா நேரம். ரோட்டின் இரண்டு பக்கமும் கடைகளின் ஷட்டர் இறங்கித்தான் இருந்தது. ஊரே எனக்கு ஒத்தாசையாகப் பொய் சொன்ன மாதிரி இருந்தது. அவனும் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஓகே. ஆஃப்டர் மேட்ச்."

கார்டு என் பர்ஸில் இருந்தது. வியாழக்கிழமைக்கென்று வாங்கியது, சுரண்டாதது.

பிளாட்டில் அவன் மேலே போய்வரும் வரையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எந்த பாஷையில் சொல்வது என்று யோசித்தேன். 'பாப்பா ஃபினிஷ்' என்றா? கார்டுக்குச் சொன்ன அதே சொல்லை? அவன் படியில் குதித்து இறங்கி வந்தான், மெத்தைகளைக் காற்றில் ஆட்டிக்கொண்டு. நான் வண்டியை எடுத்தேன்.

ஆட்டம் ஐந்தேகால் மணிக்கு. நான் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவன் பிரமாதமாக ஆடியிருந்தால் கதையாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. ஓடினான், ரொம்பவே ஓடினான், ஆனால் பந்து அவன் காலில் ஒட்டவில்லை. ஒரு நல்ல வாய்ப்பைக் கம்பத்துக்கு மேலே அடித்தான். இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி நேரத்தில் கோச் அவனை வெளியே எடுத்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். அப்புறம் எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் முழங்காலில் பட்டு பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போய் நாங்கள் ஜெயித்தோம். அவன் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்போம்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போது முதீர் அவனைத் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். சிரியாக்காரர் பின்னால் போனார். அறைக் கதவு சாத்திக்கொண்டது. நான் நடையில் நின்றேன். உள்ளேயிருந்து அலறல் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கதவு திறந்தபோது அவன் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தான். என்னைப் பார்த்து நின்றான். சிரியாக்காரரிடம் ஏதோ சொன்னான்.

"உனக்குத் தெரியுமா என்று கேட்கிறான்" என்றார் அவர்.

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"காலையிலிருந்து."

அவன் அதை மொழிபெயர்க்க விடவில்லை. புரிந்துவிட்டது. என் சட்டைப் பையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, நான் சொன்ன மாதிரியே சொன்னான்: "கார்டு ஃபினிஷ்."

திட்டவில்லை. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்தது அதைவிட மோசம். அவன் பாஸ்போர்ட் கிளப் ஆபீஸின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. எல்லோருடையதும் அதில்தான், என்னுடையதும். சாவி வைத்திருந்தவர் வெள்ளிக்கிழமையானால் ஓமன் எல்லைக்கு அந்தப் பக்கம் தன் தோட்டத்துக்குப் போய்விடுவார், போனை எடுக்க மாட்டார். முதீர் டிக்கெட்டைப் பற்றி யோசித்தார், பாஸ்போர்ட்டைப் பற்றி யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. முதீர் தன் காரை எடுத்துக்கொண்டு எல்லை வரைக்கும் போய்த் தேடினார், ஆள் கிடைக்கவில்லை. பத்தரை பிளைட் போய்விட்டது. காலையிலேயே சொல்லியிருந்தால், காலையிலேயே தேடியிருந்தால், அந்த ஆளை அவர் புறப்படுவதற்கு முன்னாலேயே பிடித்திருக்கலாம். அவர் ஊரைவிட்டுக் கிளம்பியது பதினோரு மணிக்குத்தான் என்று பிறகு அவரே வருத்தத்தோடு சொன்னார்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். நான்தான் விமான நிலையத்துக்கு ஓட்டினேன். அவன் பின் இருக்கையில் உட்கார்ந்தான். அவனுடைய ஊரில் அன்று மாலை அடக்கம். இவன் மறுநாள் மதியம்தான் போய்ச் சேருவான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இறங்கும்போது பையை எடுக்கப் போனேன். அவனே எடுத்துக்கொண்டான். "தேங்க் யூ" என்றான், டாக்சிக்காரனிடம் சொல்கிற மாதிரி. கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டான்.

அவன் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தை இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று சிரியாக்காரர் சொன்னார். பிளாட்டைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. துணிகளையும் பூட்ஸ்களையும் அட்டைப்பெட்டியில் போட்டு ஏஜென்ட் விலாசத்துக்கு அனுப்பினேன். உள்ளே ஒரு கடிதம் வைக்க நினைத்து சிரியாக்காரரிடம் எழுதித் தரச் சொன்னேன். "என்ன எழுதட்டும்?" என்று பேனாவோடு கேட்டார். கடைசியில் இரண்டு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. பதில் வரவில்லை.

சில வருஷங்கள் கழித்து நெட் கபேயில் ஒரு மலையாளிப் பையனை விட்டு அவன் பெயரைத் தேடச் சொன்னேன். கிடைத்த படத்தில் தாடி வைத்திருந்தான், உடம்பு போட்டிருந்தான். தன் நாட்டிலேயே இரண்டாம் டிவிஷன் அணி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தான். ஸ்பெயினுக்குப் போனதாக எங்கேயும் இல்லை. படத்தில் சகஜமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதலடைய எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது.

அதே வருஷம் எங்கள் ரூமில் சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவனின் அம்மா இறந்துபோனார். அவனுக்குக் கட்டடக் கம்பெனியில் வேலை. வழக்கம் போல ஊரிலிருந்து எனக்குப் போன் வந்தது, நான்தான் ரூமில் மூத்தவன். "அவன்கிட்ட இப்பச் சொல்லாதீங்கண்ணே, ரெண்டு நாளு போகட்டும்" என்றார்கள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் ஒருவரையும் கேட்கவில்லை. மதியம் அவன் டூட்டியில் இருந்த சைட்டுக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, நிழலில் உட்கார வைத்துச் சொன்னேன்.

அவனோடு கம்பெனி ஆபீசுக்கும் போனேன். கெஞ்சினேன், சத்தம் போட்டேன். லீவு கிடைக்கவில்லை. கான்ட்ராக்ட் முடிய இன்னும் ஏழு மாதம், விசா கொடுத்த கஃபீல் ஊரில் இல்லை, கல்லாஸ், பேச்சு முடிந்தது என்றார்கள். மூன்று நாட்கள் அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அங்கே சடங்குகள் ஒவ்வொன்றும் நடக்கும் நேரத்தை வாட்சில் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். நான்காம் நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது ஷூ லேசைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"சொல்லாம இருந்திருக்கலாம்ண்ணே. ரெண்டு நாளாச்சும் தூங்கியிருப்பேன்."

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.